கண்டற்காட்டில் ஒரு பகல்

விடுமுறைக்கு வெளிநாடு சென்று திரும்புவோரிடம் சுற்றத்தார் முதலிற் கேட்கும் கேள்வி, "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதே. சிங்கப்பூரிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோதும் அதே கேள்வி எழுந்தது. "சேறு பார்த்தோம்" என்று என் இளைய மகள் முந்திக்கொண்டு விடை கூறினாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவள் கூறியதிற் பிழையில்லை. அந்தப் பத்து நாட்களிற் கண்ட விண்ணளாவிய மாடங்களும் மின்விளக்கு விநோதங்களும் என் நினைவில் இப்பொழுது ஒன்றோடொன்று கலந்து மங்கிவிட்டன. அந்தச் சேறுமட்டும் தெளிவாக நிற்கின்றது.

2019ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறைக் காலம் அது. சிங்கப்பூரிற் குடியேறி 17 ஆண்டுகளாகி, அந்நாட்டுப் பிரசையுமாகிவிட்ட என் அண்ணா, "அம்மா நடமாடக்கூடிய காலத்திலேயே கூட்டிக்கொண்டு வா" என்று ஓயாது வற்புறுத்தி வந்தார். அம்மாவுக்கு அப்போது வயது 81. அவரையும், என் கணவரையும், பத்து வயது மகனையும், ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். முதல் ஐந்து நாட்களும் அண்ணா தம் திட்டப்படியே எங்களை நடத்திச் சென்றார். செந்தோசாத் தீவு, மரீனாக் குடாவின் கண்ணாடிப் பூங்காக்கள், முடிவில்லாத கடைத்தெருக்கள் என நாட்கள் ஓடின. அம்மா எங்கும் முகஞ்சுளிக்கவில்லை. எதையும் பாராட்டவும் இல்லை. மறுநாள் எங்கே போவது என்ற பேச்சு ஆறாம் நாள் மாலை எழுந்தபோதுதான் அவர் முதன்முறையாகத் தம் விருப்பத்தைக் கூறினார்.

"ஜொகூர் தெரியிற கரை ஒண்டு இருக்குமெல்லே, தம்பி? அங்கை ஒருக்கால் கூட்டிக்கொண்டு போ."

அம்மா ஜொகூர்பாருவிற் பிறந்தவர் என்பது எங்கள் வீட்டில் யாவரும் அறிந்த செய்தி. பாட்டனார் அங்கே புகையிரதப் பகுதியில் இலிகிதராயிருந்தார். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் மலாயாவில் உத்தியோகம் பார்த்த ஒருவரேனும் இல்லாத கிராமம் அரிது. ஆகவே அதை நாங்கள் ஒரு பெருங்கதையாகக் கருதியதில்லை. பிறந்த மண்ணைக் காணும் ஆசை போலும் என்றே எண்ணினோம். ஆனால் ஜொகூர்பாரு மலேசியாவைச் சேர்ந்தது. இலங்கைக் கடவுச்சீட்டுடன் சிங்கப்பூருக்கு விசா இன்றியே வந்து சேர்ந்த எங்களுக்கு, மலேசியாவினுள் நுழைய முன்கூட்டியே விசாப் பெற்றிருக்க வேண்டும். நாங்கள் பெற்றிருக்கவில்லை. பிள்ளைகளோ மிருகக்காட்சிச்சாலைக்குப் போகும் ஆவலில் இருந்தார்கள். அண்ணா சற்று யோசித்து, இரு திறத்தாருக்கும் பொருந்த ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"சுங்கை பூலோவுக்குப் போவம். பிள்ளைகளுக்கு முதலையும் இருக்கும். அம்மாவுக்குக் கரையும் இருக்கும்."

மறுநாட் காலை மச்சாள் கட்டித் தந்த புளிச்சோற்றுப் பொதிகளுடன் அங் மோ கியோ நிலையத்தில் ரயிலேறினோம். வாடகைக் கார் பிடிக்கலாம் என்ற அண்ணாவின் பேச்சை அம்மா ஏற்கவில்லை. புகையிரத இலிகிதரின் மகள் அல்லவா! அவ்வழியில் ரயில் நிலத்தின்கீழ்ச் செல்லாமல் தூண்களின்மேல் ஓடுகின்றது. குடியிருப்பு மாடங்களின் இடையே புகுந்து செல்லும்போது எத்தனையோ வீடுகளின் கொடிகளிற் காயும் துணிகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். கிராஞ்சி நிலையத்தில் இறங்கி 925ஆம் இலக்க பஸ்ஸிற் சென்றோம். கிராஞ்சி அணைக்கட்டைக் கடக்கையில் ஒரு புறம் நன்னீர், மறுபுறம் கடல் நீர். அணையைத் தாண்டியதும் இறங்குமிடம் வந்துவிட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை என்றறிந்ததும் என் கணவரின் முகம் அந்த வாரத்தில் முதல் முறையாக மலர்ந்தது.

சுங்கை என்றால் மலாய் மொழியில் ஆறு. பூலோ என்றால் மூங்கில். மூங்கிலாறு என்பது பெயராயினும் அங்கே ஆட்சி செய்வது கண்டற்காடுதான். முன்னாளில் அங்கே இறால் வளர்க்கும் குளங்கள் இருந்தன. கடலுக்கும் குளத்துக்குமிடையே மண்ணணை எழுப்பி, அதில் மதகு வைத்திருப்பார்கள். பெருக்கின்போது மதகைத் திறந்தால் நீருடன் இறாற்குஞ்சுகளும் உள்ளே வரும். அவை குளத்திலேயே வளர்ந்து பெருத்தபின், வற்றின்போது மதகிலே வலையைக் கட்டி நீரை வெளியே விட்டால் இறால் தானே வந்து அகப்படும். காலப்போக்கில் அத்தொழில் கைவிடப்பட்டது. பாழாய்க் கிடந்த அக்குளங்களில் வெளிநாட்டுப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்குவதை 1986இல் பறவை பார்க்கும் ஆர்வலர் சிலர் கண்டு, அவ்விடத்தைக் காக்குமாறு அரசிடம் விண்ணப்பித்தனர். கடலைத் தூர்த்து நிலம் பெருக்கும் நாடு அது. ஓரங்குல மண்ணையும் வீணாக்க மனம் வராத நாடு. அத்தகைய நாடு அந்த விண்ணப்பத்துக்கு இணங்கி, 1989இல் 87 ஹெக்டேயர் சேற்று நிலத்தை இயற்கைப் பூங்காவுக்கென ஒதுக்கியது. 1993 டிசம்பரில் பூங்கா திறக்கப்பட்டது. 2002இல் எல்லை 130 ஹெக்டேயராக விரிக்கப்பட்டு, சட்டத்தாற் காக்கப்படும் ஒதுக்கிடமாயிற்று. சிங்கப்பூரிற் கண்ட மற்றெல்லா அதிசயங்களும் எதையேனும் கட்டியதால் உண்டானவை. இது ஒன்றுதான் கட்டாமல் விட்டதனால் உண்டானது.

உள்வழியாகப் போய்க் கரைவழியாகத் திரும்புவதென்று முடிவு செய்தோம். அப்போது பெருக்கு நேரம். மரங்கள் முழங்காலளவு நீரில் நின்றன. பலகைப் பாதையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் மெல்ல நடந்தேன். சிறிது தூரஞ் சென்றதும் யார் யாரை நடத்திச் செல்கிறார்கள் என்பது ஐயமாகிவிட்டது. அம்மா மணமுடித்து வாழ்ந்தது ஊர்காவற்றுறையில். 1990இல் ஊரைவிட்டு வெளியேறும் வரையில் அவர் வாழ்வு கடற்கரையோடு ஒட்டியது. அண்ணா பெயர்ப்பலகைகளைத் தேடி வாசிக்கத் தொடங்கும் முன்னரே அம்மா மரங்களை இனங்கண்டு சொல்லிக்கொண்டு போனார்.

"உது கண்டல். வேரைப் பாருங்கோ, பந்தற்கால் மாதிரி. உதின்ரை பட்டையை அவிச்சுத்தான் எங்கடை ஊரிலை வலைக்குச் சாயம் தோய்க்கிறவை. அங்காலை நிக்கிறது கண்ணா."

கண்ணா மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்தாற்போல வேர்கள் மேல்நோக்கி நீண்டிருந்தன. சேற்றினுள் காற்றில்லை, ஆகவே மூச்சுவிடுவதற்காக அம்மரம் வேரை வெளியே நீட்டுகின்றது. உப்பு நீரை உறிஞ்சி வாழ்ந்து, மிகுந்த உப்பை இலை வழியே கழிப்பதும் அதன் இயல்பு. இலையைப் பறிக்காமல் நாக்கை மட்டும் வைத்துப் பார்க்கும்படி அம்மா சொல்ல, பிள்ளைகள் மூவரும் வரிசையில் நின்று கண்ணா இலையை நக்கினார்கள். கைத்தொலைபேசியிலிருந்து கண்ணெடுக்க மறுத்த அண்ணாவின் மகன் அப்போதுதான் அதைச் சட்டைப்பையில் இட்டான். "அப்பம்மா, உண்மையாவே உப்பு!" என்று அவன் தமிழிலே கூவியதைக் கேட்டு அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இன்னோரிடத்தில் பளபளக்கும் இலைகளுடன் நின்ற ஒரு மரத்தருகே என் மகன் கையை நீட்ட, அம்மா சடுதியாக அவனை இழுத்துக்கொண்டார். அது தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் அதுவே. அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வை கெடும். மலாய் மொழியில் அதனைப் 'பூத்தா பூத்தா' என்கிறார்கள் என அண்ணா கூறியதும், "பூத்தா எண்டால் குருடு" என்று அம்மா உடனே பொருள் சொன்னார். 73 ஆண்டுகளாகப் பேசாத மொழி! எட்டு வயதில் விட்டுவந்த சொல் நாவிலே இருந்திருக்கிறது.

குளக்கரையிலே பறவைகளை மறைந்திருந்து பார்ப்பதற்கென மரத்தினால் ஒரு பதுங்கிடம் அமைத்திருந்தார்கள். அங்கே சென்று அமர்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கட்டுச்சோற்றை அவிழ்க்க எண்ணினோம். ஆனால் குரங்கொன்று தூணருகே வந்து எங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கவே, பொதிகளை மீண்டும் பைக்குள் வைத்துவிட்டோம். மழைத்திரையினூடே குளத்தின் நடுத்திட்டிற் பறவைகள் தெரிந்தன. செங்கால் உள்ளான்கள், நீண்டு வளைந்த அலகுடைய கோட்டான்கள், பொற்புள்ளி தெளித்த சிறு பறவைகள். பெருக்கு வெளிச் சேற்றை மூடிவிடுவதால், வற்றும் வரை அவை குளத்துக்குள் வந்து ஓய்ந்திருக்கும். இறாலுக்காக அமைத்த பழைய மதகுமுறை இப்போது இந்தப் பறவைகளுக்காகவே பயன்படுகின்றது. அவை கால் பதித்து நிற்கத்தக்க அளவில் நீரை ஏற்றி இறக்குகிறார்கள்.

"இதெல்லாம் மன்னாருக்கு வாற பறவைகள்தானே?" என்றான் மகன். மன்னாரிற் சில காலம் படிப்பித்த என் கணவர் வங்காலைப் பக்கம் இப்பறவைகளைப் பார்த்தவர். 2010இல் அவ்விடம் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இனம் ஒன்றாயினும் வழி வேறு என்று அவர் விளக்கினார். சைபீரியா போன்ற வடபுலங்களிற் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு முன் தெற்கே புறப்படும் பறவைகளுள் ஒரு சாரார் நடு ஆசியாவின் மேலாக இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகின்றனர். மறுசாரார் சீனக் கரையோரமாகச் சிங்கப்பூருக்கும் அதற்கப்பால் அவுஸ்திரேலியாவுக்கும் செல்கின்றனர்.

"அப்ப அண்ணன் தம்பி ஒரு வீட்டிலை பிறந்து வேறை வேறை நாட்டுக்குப் போற மாதிரி" என்றாள் சின்னவள். யாரும் மறுமொழி சொல்லவில்லை. மழை விட்டது.

மழைக்குப்பின் விலங்குகள் வெளிப்பட்டன. பாதையின் குறுக்கே ஐந்தடி நீளமான ஒன்று நாக்கை நீட்டி நீட்டிக் கடந்தபோது, "முதலை!" என்று பிள்ளைகள் அலறினார்கள். அது நம்மூர்க் கபரக்கொய்யாதான். உண்மையான முதலையை ஆற்றுப்பாலத்தின்மேல் நின்று கண்டோம். வற்றத் தொடங்கிய ஆற்றின் ஓரச் சேற்றில், சேற்றின் நிறத்திலேயே, வாயைப் பிளந்தபடி அசைவற்றுக் கிடந்தது. "செம்மூக்கன்" என்றார் அம்மா. உவர்நீரில் வாழும் அப்பெரிய இனம் நம் நாட்டிலும் உண்டு. உடலின் சூட்டைத் தணிக்கவே அது வாயைத் திறந்து வைத்திருக்கின்றது என்று அண்ணா கூறியும் பிள்ளைகள் நம்பவில்லை. தங்களுக்காகவே அது காத்திருப்பதாக அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அரைமணி நேரம் காத்தும் அது ஒரு முறையும் வாயை மூடவில்லை.

கரைவழியாகத் திரும்புகையில் நீர் நன்றாக வற்றிவிட்டது. நம் யாழ்ப்பாணக் கடலேரியிற் பெருக்குக்கும் வற்றுக்கும் முழங்காலளவு வேறுபாடே இருக்கும். அங்கே பெரிய பெருக்கு நாட்களில் ஏறத்தாழ 3 மீற்றர் ஏறி இறங்குகின்றது. காலையில் நீராயிருந்த இடமெல்லாம் இப்போது மினுங்கும் சேறு. அச்சேற்றிலே மீன்கள் நடந்தன! துடுப்புகளைக் கைகள்போல ஊன்றி, தலைமேற் பிதுங்கிய கண்களை உருட்டி, ஒன்றையொன்று துரத்தித் துள்ளின. செவுளறைகளில் நீரைத் தேக்கியும், ஈரத் தோலால் மூச்சுவாங்கியும் அவை கரையில் உலாவுகின்றன என்று பலகை கூறியது. என் மகள் கண்ட சேறு இதுதான். வேலியைப் பிடித்தபடி அவள் அசையாது நின்றுவிட்டாள்.

அண்ணாவின் மகன் கண்டல் விதையொன்றைக் கண்டெடுத்து வந்தான். விதை என்பதைவிட நாற்று என்பதே பொருந்தும். முருங்கைக்காய் போல நீண்டிருந்த அது, தாய்மரத்திலேயே முளைவிட்டு வளர்ந்து, பின்னரே கீழே விழும். விழுந்த இடத்தில் ஊன்றினாலும் ஊன்றும். அன்றேல் நீரோடு மிதந்து பல வாரங் கழித்து வேறொரு கரையில் வேர்பிடிக்கும். அங்கிருந்து எதையும் எடுத்துச் செல்லலாகாது என்று அண்ணா கண்டித்ததும், அவன் அதை நீருக்குள் வீசினான்.

அம்மா நீரிணையை நோக்கி நீண்டிருந்த மேடையொன்றில் அமர்ந்திருந்தார். எதிரே, ஏறத்தாழ ஒரு மைலுக்கப்பால் ஜொகூர். கிழக்குப்புறத்தில் உயர்ந்த கட்டிடங்களின் கூட்டம். 1942 பெப்ரவரி 8ஆந் திகதி இரவு யப்பானியப் படைகள் கடந்துவந்தது இந்த நீரைத்தான். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தை அதற்குச் சில நாட்கள் முன்னர் பிரித்தானியர் தகர்த்திருந்தனர். அப்பெருஞ்சத்தத்தைத் தம் தாயாரின் மடியில் இருந்து கேட்டதாக அம்மா முன்பே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

"ஸ்ரேசன் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அண்ணா கையை நீட்டிக் காட்டினார். பழைய நிலையத்தில் இப்போது ரயில் நிற்பதில்லை. 2010இல் அருகே புதியது கட்டிவிட்டார்கள் என்றார்.

அம்மா நெடுநேரம் அத்திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சமையற்கட்டிலிருந்து செய்தி சொல்பவர்போல அமைதியாகச் சொன்னார். யப்பானியர் காலத்தில் அவருக்கு ஒரு தம்பி பிறந்தான். அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. வாழைமரம் அச்சடித்த யப்பான் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் மருந்து கிடையாது. ஒன்றரை வயதிற் காய்ச்சல் வந்து மூன்று நாளிற் குழந்தை இறந்துபோனது. புகையிரத விடுதிக்குப் பின்னால், பாதையோரத்தில் ஓரிடத்தில் அடக்கம் செய்தார்கள். அம்மாவும் கூடப் போனார். 1946இல் கப்பலேறும்போது அந்தப் பக்கம் போக வேண்டாமென்று பாட்டனார் தடுத்துவிட்டார். ஊர் வந்த பிறகு பாட்டியார் அப்பிள்ளையின் பெயரை ஒருவரும் உச்சரிக்கக் கூடாதென்று கட்டளையிட்டார். ஒருவரும் உச்சரிக்கவும் இல்லை.

"அவன்ரை பேர் என்ன, அம்மா?" என்று கேட்டேன்.

அம்மா சொன்னார். அது அண்ணாவின் பெயர்.

அண்ணா அம்மாவின் அருகே இருந்தார். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்னர், மாதத்துக்கு ஒரு தடவையேனும் தாம் கடற்பாலத்தைக் கடந்து அங்கே போவதாகவும், அந்நிலையத்துக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியில்தான் வீட்டுச் சாமான்கள் வாங்குவதாகவும் சொன்னார். விலை குறைவு என்பதற்காக 17 ஆண்டுகளாக அப்படிப் போய் வந்திருக்கிறார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேயம்மா" என்றார்.

"சொல்லி என்ன? நீ பேரைக் கொண்டு திரியிறாய்தானே" என்றார் அம்மா.

எனக்கு அம்மாவின்மீது சிறிது கோபமும் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? ஐம்பது ஆண்டுகளாக அண்ணாவை நான் அழைத்த பெயருக்குள் இப்படியொரு பிள்ளை இருந்ததை அவர் எங்களுக்குச் சொல்லாமலே விட்டிருந்தார். நாங்களும் ஒரு நாளாவது கேட்டோமா என்றால், அதுவும் இல்லை. மலாயாக் கதை என்றதும் எழுந்துபோன பிள்ளைகள்தானே நாங்கள்.

புளிச்சோற்றை அந்த மேடையிலேயே உண்டோம். குரங்கு வரவில்லை.

மாலையில் அங் மோ கியோவில் இறங்கியதும், சிறுவர்களின் வற்புறுத்தலால் உணவுக் கடைத்தொகுதியொன்றில் 'ஐஸ் கச்சாங்' வாங்கினோம். சீவிய பனிக்கட்டியின்மேல் பல நிறப் பாகு ஊற்றி, அடியிற் பயறும், கண்ணாடிபோன்ற வெண்ணிறக் காயும் இட்டுத் தருகிறார்கள். அக்காய் கண்டற்காடுகளில் வளரும் நீப்பாப் பனையின் இளங்கொட்டை. ஓலையைக் கூரைக்கு வேய்ந்து, கொட்டையைச் சீனிப்பாகில் ஊறவைத்து உண்பது மலாய் வழக்கம். அம்மா அதை மட்டும் கரண்டியாற் பொறுக்கியெடுத்து மெல்லக் கடித்தார்.

"நுங்குதான்" என்றார். "கொஞ்சம் இறுகல்."

இன்னும் இரண்டு துண்டு சாப்பிட்டார். பனிக்கட்டி கரைந்து நிறமெல்லாம் ஒன்றாகிவிட்டது. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு அண்ணாவைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, உந்த மலேசியா விசா எடுக்க எத்தினை நாள் செல்லும்?"